காகத்துக்கு வைத்த சோறு

எங்கள் பின்வேலிக்கு அப்பால் இருக்கிற மனுசி நகரசபைக்கு ஃபோன் பண்ணாமல் விட்டிருந்தால் நான் அந்தப் பைன் காட்டுக்குப் போயிருக்கவே மாட்டேன். பழியை அவள் தலையில் போட்டுவிட்டு நான் தப்பமுடியாது, அது எனக்குத் தெரியும். அதற்காக அவளை மன்னித்துவிட்டேன் என்றும் யாரும் நினைக்கவேண்டாம்.

என் மனுசனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. திங்கள், புதன், வெள்ளி என்று கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் டயலிசிஸ். ஒவ்வொரு முறையும் நாலு மணித்தியாலம் கதிரையில் சாய்ந்து கிடக்கவேண்டும், இரத்தம் வெளியே போய்க் கழுவுப்பட்டுத் திரும்ப உள்ளே வரும். இதயமும் பலவீனம், ஆகவே வேறு சிறுநீரகம் வைக்க ஏலாது என்று டொக்டர்மார் கையை விரித்துவிட்டார்கள். உயிரோடு இருக்கும்வரை அந்தக் கதிரைதான். மூன்றாவது வருஷம், செப்டெம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் படிக்கட்டில் இருந்துகொண்டு சொன்னார்.

"காணுமப்பா. இனிப் போதும்."

எது போதும் என்று எனக்கு நன்றாக விளங்கியது. விளங்காத மாதிரி, ரீ போடட்டோ என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் போய் நின்று அழுதேன்.

நேர்ஸ் ஒருத்தி முன்பே சொல்லியிருந்தாள். சிலர் தாங்களாகவே டயலிசிஸை நிறுத்திவிடுவார்களாம், நிறுத்தினால் ஒன்றிரண்டு கிழமைதானாம், அது அவரவர் உரிமையாம். உரிமை! அடுத்த நாளே கோயிலுக்கு ஓடினேன். ஐயர் சாதகத்தைப் பார்த்து, ஏழரைச் சனி நடக்குது, சனிக்கிழமை விரதம் பிடியுங்கோ அம்மா என்றார். புரட்டாதிச் சனி தொடங்குகிற நேரம். புரட்டாதியோடு விடமாட்டேன், இந்த மனுசன் இருக்கும்வரை ஒரு சனியும் தவறவிடமாட்டேன் என்று அங்கேயே நேர்ந்துகொண்டேன்.

சனி விரதம் என்றால் ஒரு நேரச் சாப்பாடு. சமைத்ததில் முதல் பிடியை நல்லெண்ணெயும் எள்ளும் விட்டுக் குழைத்துச் சனீஸ்வரனின் வாகனமான காகத்துக்கு வைக்கவேண்டும். அது வாய் வைத்த பிறகுதான் நாங்கள் வாய் வைக்கலாம். மில்லிக்கனில் எங்கள் வீட்டுப் பின்வளவில் ஒரு சீமெந்துக் கல்லில் வைத்தேன். காகம் வரவில்லை, குப்பைத் தொட்டி கிண்டுகிற ரக்கூன்தான் வந்தது. மூன்றாவது சனியோடு நகரசபையிலிருந்து கடிதம். உங்கள் பின்வளவில் உணவு கிடப்பதாக முறைப்பாடு வந்திருக்கிறது, எலி வரும், உடனே நிறுத்தவும். இந்த நாட்டில் நாய்க்குப் பிறந்தநாள் கேக் வெட்டலாம், காகத்துக்கு ஒரு பிடி சோறு வைக்க வழியில்லை.

அப்போதுதான் பிக்கரிங் நகரத்துக்கு வடக்கே இருக்கிற அந்தக் காடு நினைவுக்கு வந்தது. மகன் சின்னவனாக இருந்தபோது ஒருமுறை போயிருக்கிறோம். யாரோ எப்போதோ வரிசை வரிசையாக நட்டுவிட்ட பைன் மரங்கள், நடுவே ஒரு பாதை, முகப்பில் கல் போட்ட கார் நிறுத்துமிடம். அங்கே ஒரு பலகையும் நிற்கிறது, மிருகங்களுக்கு உணவளிக்கக் கூடாது என்று. வாசித்தேன். எனக்கு இங்கிலிஷ் நன்றாகத் தெரியும், வீட்டில் எல்லாக் கடிதத்தையும் வாசிப்பவள் நான்தான். ஆனால் காகம் மிருகமில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடவுளுடைய வாகனத்துக்கு வைப்பதை ஒரு பலகை தடுக்கிறதா என்ற ஒரு கொழுப்பும் இருந்தது.

ஒக்டோபர் முடிகிற நேரம், ஒரு சனிக்கிழமை மத்தியானம், இவரையும் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். வீட்டில் தனியே விடப் பயம். காரை மரங்களுக்குப் பக்கத்தில் நிறுத்தி, இவரை உள்ளே இருத்திவிட்டு, ஓர் ஓரத்து மரத்தடியில் கடதாசித் தட்டை வைத்து, "கா... கா..." என்று கூப்பிட்டேன். நாயோடு நடந்து வந்த ஒரு வெள்ளைக்கார சோடி என்னைப் பார்த்துவிட்டு மற்றப் பாதையால் போனது. நான் விடவில்லை, இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன்.

காகம் வரவில்லை. தலைக்கு மேலே ஒரு சத்தம் வந்தது, நூல் கோக்காத தையல் மெஷினை வேகமாக மிதித்தது போல. நிமிர்ந்து பார்த்தால் ஒரு அணில். எங்கள் தெருவில் ஓடித்திரிகிற கறுப்பு அணிலில் பாதிகூட இல்லை. முதுகு செம்பட்டை, வயிறு வெள்ளை, கண்ணைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம். கிளையில் முன்கால் இரண்டையும் குத்திக் குத்தி, வாலை உதறி உதறி, என்னை ஏசிக்கொண்டு நிற்கிறது. என் மாமியார்கூட என்னை அப்படி ஏசினதில்லை. நான் ஓர் அடி பின்னுக்கு வைத்தேன், அது ஒரு கிளை கீழே இறங்கி வந்து ஏசியது.

காருக்குள் இவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. கண்ணாடியை இறக்கிவிட்டு, இருமி இருமிச் சிரித்தார். "பாரும், உம்மட சத்தத்துக்கு ஆர் வந்து நிக்கிறது எண்டு." அந்தச் சிரிப்பைக் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல். எனக்கு அணில் மேல் கோபம், இவர் மேல் சந்தோஷம், இரண்டும் ஒன்றாக வந்தன.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் நான் இவரை எழுப்பவேண்டியிருக்கவில்லை. நான் கத்தரிக்காய் வெட்டுகிற நேரத்திலேயே ஜக்கெட் போட்டுக்கொண்டு வாசலில் கதிரையில் இருப்பார். காரை எங்கே நிறுத்தவேண்டும் என்றும் அவர்தான் சொல்வார். இன்னும் கொஞ்சம் இடப்பக்கம், இன்னும் முன்னுக்கு, சரி. அணிலின் மரத்தடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு குவியல் இருந்தது. பைன் காய்களைக் கடித்துக் கடித்து அது உதிர்த்த செதில்கள், பல வருஷத்துக் குப்பை. அந்தக் குவியலுக்குள் துளைகள் போட்டு, பச்சைக் காய்களை அது ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து புதைக்கும். ஒரு காயை வாயில் கவ்விக்கொண்டு தலைகீழாக இறங்குகிற அவசரத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருக்கும்.

ஆஸ்பத்திரியில் கதிரையில் கிடக்கும்போது நேர்ஸிடம் இதைப் பற்றி விசாரித்துக்கொண்டு வந்தார். முப்பது வருஷம் கார்ச் சாமான் செய்கிற ஃபக்டரியில் நின்று பழகின இங்கிலிஷ், அதை வைத்துக்கொண்டு என்ன கேட்டாரோ, அவள் என்ன சொன்னாளோ. சிவப்பு அணிலாம், இந்தக் காட்டுக்கே உரியதாம். குளிருக்கு மற்ற மிருகம் மாதிரிப் படுத்து நித்திரை கொள்ளாதாம், சேர்த்து வைத்ததைத் தின்றுதான் பனிக்காலம் முழுக்கத் தள்ளவேண்டுமாம். அதற்காகத்தான் அந்தக் குவியலை விட்டு அசையாமல் காவல் நிற்கிறதாம். தனியாகத்தான் இருக்குமாம், சோடிகூடப் பக்கத்தில் வரவிடாதாம். முதுகில் மூன்று கோடு இல்லாதது எல்லாம் ஒரு அணிலோ என்று நான் பகிடி பண்ணினேன். "கோடு கிடந்தென்ன, கிடவாட்டியென்ன. உது ஆரையும் நம்பி இல்லை, பாரும்" என்றார். இந்த மனுசனுக்குக் காலுறை போடுவது முதல் மருந்து பிரிப்பது வரை நான். எனக்குச் சுருக்கென்றது. காரை எடுத்தேன்.

ஆனால் ஒன்று. அந்த "காணும்" என்ற சொல் அவர் வாயில் திரும்ப வரவே இல்லை. நவம்பர் போனது, டிசம்பர் வந்தது, முதல் பனி விழுந்து படிந்தது. ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகிற வான் வந்து வாசலில் ஹோர்ன் அடித்தால் முணுமுணுக்காமல் போய் ஏறினார். விரதம் வேலை செய்கிறது என்று நான் உறுதியாக நம்பினேன். கோயிலில் கண்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். அஜக்ஸில் இருக்கிற மகன் ஃபோன் எடுத்தபோது, பார்த்தாயா, நீ மூடநம்பிக்கை என்று சொன்னாய் என்று குத்தியும் காட்டினேன்.

காகங்களும் டிசம்பரில் பழகிவிட்டன. முதலில் ஒன்று, பிறகு நாலைந்து, நத்தார்ப் பண்டிகை முடிய என் கார் திரும்புகிற சத்தத்துக்கே பைன் உச்சியில் கூட்டமாக வந்து காத்திருந்தன. தட்டை வைத்துக் கையை எடுக்கமுன்னம் இறங்கும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இந்தக் குளிர் தேசத்தில், பிக்கரிங்குக்கு மேலே, நான் கூப்பிட்டுக் காகம் வருகிறது. ஒரு பிடி வைத்த நான் ஒரு சட்டிச் சோறு வைக்கத் தொடங்கினேன். வடையும் சுட்டேன்.

காகம் மட்டும் வரவில்லை. சிந்தின சோற்றுக்குச் சாம்பல் அணிலும் கறுப்பு அணிலும் வந்தன, தெருக்களில் திரிகிற அதே பெரிய சாதி. முதலில் தட்டைச் சுற்றி நின்றன. சோறு முடிய, பக்கத்தில் இருந்த குவியலில் மூக்கை வைத்தன. அவ்வளவுதான். சிவப்பு அணில் மேலேயிருந்து பாய்ந்து வந்து ஒன்றைக் கலைக்கும், அதற்குள் மற்றப் பக்கத்தால் இரண்டு தோண்டும். அதைக் கலைக்க ஓடும், முதலாவது திரும்ப வரும். ஒரு சனி முழுக்க அது ஒரு காயைக்கூட வாயில் வைத்ததை நான் காணவில்லை. காரில் இவர் கண்ணாடியில் கையால் அடித்து அடித்துக் கலைத்துப் பார்த்தார். அந்தக் கையில் என்ன பலம் இருக்கிறது.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை நான் சோற்றுப் பெட்டியோடு கார்க் கதவைத் திறந்தேன். இவர் என் ஜக்கெட்டைப் பிடித்தார்.

"இஞ்சரும். உந்தச் சோத்தை உங்கை வையாதையும்."

"உங்கட உயிருக்குத்தானே வைக்கிறன்."

"என்ர உயிருக்கெண்டு சொல்லி அதின்ர உயிரை எடுக்காதையும்."

எனக்கு வந்ததே கோபம். நான் பட்டினி கிடக்கிறேன், நான் சமைக்கிறேன், நான் இந்தப் பனியில் கார் ஓட்டுகிறேன், இவருக்கு ஒரு அணிலா பெரிது என்று வாய்க்கு வந்தபடி பொரிந்து தள்ளினேன். கையை உதறிவிட்டுப் போய் வழக்கமான இடத்திலேயே வைத்தேன். திரும்பி வந்தபோது அவர் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கிழமை, சரி, இனி இங்கே வைக்கவில்லை என்றேன். அதில் பொய்தான் இருந்தது. சோற்றுப் பெட்டியைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு, நடந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, கார்க் கண்ணாடிக்குத் தெரியாத அளவுக்கு ஒரு முப்பது அடி உள்ளே தள்ளி வைத்தேன். அவ்வளவுதான் நான் விட்டுக்கொடுத்தது. வந்து பழகின காகத்தை விட்டால் சனீஸ்வரன் கோபிப்பார் என்று பயம். புது இடத்துக்குக் காகம் வராவிட்டால் அந்தச் சனி வீண், ஒரு சனி வீணானால் இவர் திரும்ப அந்தச் சொல்லைச் சொல்வார். என் தலைக்குள் கணக்கு இப்படித்தான் ஓடியது. முப்பது அடி அணிலுக்கு என்ன தூரம்? சோற்றைத் தின்ற கூட்டம் அடுத்த நிமிஷம் குவியலில் நின்றது.

ஜனவரி முடிவில் குவியல் என்று ஒன்று இல்லை. பனிக்கு மேல் செதில்கள் சிதறிக் கிடந்தன, துளைகள் எல்லாம் திறந்து கிடந்தன. சிவப்பு அணில் ஏசுவதை விட்டுவிட்டது. மரத்தண்டோடு ஒட்டிக்கொண்டு, வாலை முதுகில் போட்டுக்கொண்டு, மற்றவை தோண்டுவதைப் பார்த்தபடி இருந்தது. இடுப்பெலும்பு தெரிந்தது. இவர் ஒரு பைக்கற் கச்சான் கடலை வாங்கிவரச் சொன்னார், உப்பில்லாதது. நான் கொண்டுபோய் மரத்தடியில் போட்டேன், காகம் பொறுக்கிக்கொண்டு போனது. நான் பழக்கின காகம்.

பெப்ரவரியில் மூக்குக்குள் மூச்சு உறைகிற குளிர் வந்து ஒரு கிழமை நின்றது. அந்தச் சனிக்கிழமை நான் இறங்கி மரத்தடிக்குப் போனேன். அது அங்கே கிடந்தது. தோண்டின துளை ஒன்றின் வாசலில், தலை உள்ளே, உடம்பு வெளியே. கையுறையோடு தொட்டேன், விறகுத் துண்டு மாதிரி இருந்தது. எவ்வளவு சின்னது என்று அப்போதுதான் தெரிந்தது. என்ன செய்கிறேன் என்று யோசிக்காமல் சப்பாத்துக் காலால் பனியைத் தள்ளி மூடினேன். காருக்கு வந்து, சரியான குளிர், உள்ளுக்குள்ளே சுருண்டு படுத்திருக்கும் போல, ஆளைக் காணவில்லை என்றேன்.

வீட்டுக்குப் போகிற வழியில், ஸ்ரீல்ஸ் தெருவில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது இவர் சொன்னார். "நீர் காலாலை மூடினதைப் பாத்தனான்." குரலில் கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். பச்சை விளக்கு வந்து பின்னால் நின்றவன் ஹோர்ன் அடிக்கும்வரை என்னால் காலை அசைக்க முடியவில்லை. அன்று சோற்றுப் பெட்டியைத் திறக்கவில்லை, அப்படியே கொண்டுவந்து குப்பையில் கொட்டினேன். அன்று நான் சாப்பிடவுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேசையில், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இவர் சொன்னார். நாளைக்கு வான் வேண்டாம். புதனும் வேண்டாம். இனி ஒருநாளும் வேண்டாம். நான் கத்தினேன். கையைப் பிடித்துக் கெஞ்சினேன். நாளைக்கே புது விரதம் பிடிக்கிறேன், வேறு காடு பார்ப்போம், அங்கேயும் அணில் இருக்கும் என்று என்னென்னவோ உளறினேன். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு என் தலையைத் தடவினார்.

"களைச்சுப் போனன். நீரே ஃபோன் எடுத்துச் சொல்லும். எனக்கு உதை இங்கிலிஷிலை சொல்லத் தெரியாது."

முப்பது வருஷமாக இந்த மனுசனுக்காக நான்தான் இங்கிலிஷ் பேசியிருக்கிறேன். வங்கியில், மகனின் பள்ளிக்கூடத்தில், டொக்டர்மாரிடம். எத்தனையோ தடவை அவர் சொல்லாததையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன். மகனுக்கு ஃபோன் அடித்தேன். அவன் காரை எடுத்துக்கொண்டு வந்து, தகப்பனோடு அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் இருந்துவிட்டு, வெளியே வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். அவனாலும் முடியவில்லை. தான் ஃபோன் எடுக்கட்டோ என்று கேட்டான். வேண்டாம், என்னைத்தான் சொல்லச் சொன்னவர் என்றேன்.

திங்கள் காலை எடுத்தேன். மூன்று வருஷமாக இவருக்கு ஊசி ஏற்றுகிற அதே நேர்ஸ்தான் கதைத்தாள். வரமாட்டார் என்றேன். இன்றைக்கோ என்று கேட்டாள். இனி வரமாட்டார் என்றேன். பிறகு, டொக்டர் வீட்டுக்குக் கூப்பிடுவார், வலி இல்லாமல் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்புவார்கள் என்று மெதுவாக ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் எழுதிக்கொண்டேன்.

எல்லாம் முடிய, உங்களுக்கு இது தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன் என்று தொடங்கினாள். ஒக்டோபரிலேயே அவர் நிறுத்தக் கேட்டு, டொக்டரோடு கதைத்து, பேப்பரில் கையெழுத்தும் வைத்தவர். வீட்டுக்குத் தானே சொல்வதாகச் சொன்னவர். ஆனால் அடுத்த திங்கள் வந்து அந்தப் பேப்பரைக் கிழிக்கச் சொன்னார். காட்டில் ஒரு சின்னச் சிவப்பு அணில் இருக்கிறது, அது பனிக்காலத்தைத் தாண்டுகிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் நாங்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் விசாரிப்போம் என்றாள்.

எனக்குத் தெரியாது. என் விரதம் என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த அணில் செத்துவிட்டதா என்று கேட்டாள். ஓம் என்றேன், தமிழில்தான் வந்தது, அவளுக்கு விளங்கியது. ஐயோ பாவம், என்ன நடந்தது அதற்கு என்று கேட்டாள்.

சாப்பாடு கிடைக்கவில்லை என்று இங்கிலிஷில் சொன்னேன்.